சிலிக்கன் கன்னைக் கொஞ்சம் கீழ வைங்க பாஸ்



போன கிழமை என்ட காரின் நனைந்த கார்பெட்டை மதில்மேல் காயப்போட்டு ஒரு படம் பதிந்திருந்தேன். எழுபதுக்கு மேல் கொமெண்ட். அதில் பாதிக்குமேல் ஒரே கதைதான்: "சிலிக்கன் அடிங்க சேர்." இன்னும் சிலர், "வித்துப்போட்டு வேற ஒண்ட எடுங்க" என்றிருந்தார்கள். ஒரே ஒருவர்தான் "தண்ணி எங்கால வருது எண்டு பாத்தீங்களா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஒரு லைக்கும் விழவில்லை. "சிலிக்கன் அடிங்க" என்றதற்கு இருபத்தியிரண்டு லைக்.

அந்த இருபத்தியிரண்டு பேருக்கும்தான் இந்தப் பதிவு. கோபிக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முந்தி நானும் அந்த லைக்கைப் போட்டிருப்பேன். கொஞ்சம் நீளமான பதிவு, இன்டர்வலில் வாசிக்க முடியாது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வாங்கிய கார் இது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் செகண்ட்ஹேண்ட் கார் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். உம்மாவை மாதாமாதம் மட்டக்களப்பு கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும், அவவுக்கு முட்டு வருத்தம். அதற்காகவே லீசிங் போட்டு எடுத்தது. ஓகஸ்டில் இடப்பக்க முன்கதவின் ஷட்டர் மோட்டர் பழுதாகி ஒரு இடத்தில் மாற்றினேன். ஷட்டர் நன்றாக வேலைசெய்தது. நல்ல வெயில்காலம். நானும் அதை மறந்துவிட்டேன்.

மாரி தொடங்கியது. முதல் பெருமழைக்கு மறுநாள் காலை முன்பக்க இடது காலடியில் கார்பெட்டை மிதித்தால் பிழிந்த பஞ்சு மாதிரித் தண்ணீர் வந்தது. முதல் கராஜில் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்கள். "முன் கண்ணாடி லீக் சேர்." கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கன். 6,500 ரூபா. அடுத்த மழையில் திரும்ப அதே ஈரம். இரண்டாவது கராஜில் கதவு ரப்பருக்குள் ஒரு வரி சிலிக்கன் இழுத்துவிட்டு, கதவின் அடியில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையும் காட்டி, "இந்தா சேர், இதாலதான் ரோட்டுத் தண்ணி அடிச்சி ஏறுது" என்று சொல்லி அவற்றையும் அடைத்தார்கள். 4,000 ரூபா. நானும் "சரி பாஸ், சுபஹானல்லாஹ், இவ்வளவு நாளும் இத ஒருத்தரும் காணல்லயே" என்று சொல்லிச் சல்லியைக் கொடுத்துவிட்டு வந்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் நான்! அந்த ஓட்டைகளை எதற்காகப் போட்டிருப்பான் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு பிரேக் பிடித்தால் கதவுக்குள் களக் களக் என்று சத்தம். குரும்பையை ஆட்டினால் கேட்குமே, அந்த மாதிரி. இரண்டு கிழமையில் அந்தப் பக்க ஸ்பீக்கர் செத்தது. காருக்குள் ஏறினால் பூஞ்சண வாடை. மூன்றாவது இடத்தில் முன் கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் பதிக்க 35,000 கேட்டார்கள்.

அந்தக் கிழமைதான் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு உம்மாவுக்கு முட்டு இறங்கவில்லை. கார்க் கதவைத் திறந்தேன். ஏறி இருந்த அவ ஒரு நிமிடம்கூட இருக்க முடியாமல் இறங்கிவிட்டா. "வேணாம் மகன், இந்த மணத்துக்கு இன்னும் இழுக்குது." பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி அவருடைய ஓட்டோவில்தான் கொண்டுபோனோம். லீசிங் கட்டுகிற கார் முற்றத்தில் நின்றது. சும்மா வாடைதானே என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஈரக் கார்பெட்டில் வளர்வது பூஞ்சணம், அதன் வித்திகள் முட்டு வருத்தக்காரருக்கு நேரடியாகப் பகை. அதன்மேல் பெர்ஃபியூம் போத்தலைத் தொங்கவிட்டால் அவர்களுக்கு இரண்டாவது பகையும் சேரும், அவ்வளவுதான்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். என்ட குற்றச்சாட்டு இதுதான்: நாங்கள் ஈரத்தைக் கண்ட இடத்தை ஓட்டை இருக்கிற இடம் என்று நினைக்கிறோம். காரில் அது அநேகமாகப் பிழை. தண்ணீர் ஓரிடத்தால் நுழைந்து, தகட்டின் மடிப்பு வழியே, வயர்க்கட்டு வழியே, கார்பெட்டுக்குக் கீழிருக்கிற ஸ்பொஞ்சு வழியே ஓடி, கிடைக்கிற பள்ளத்தில் தேங்கும். கூரையில் புகுந்த தண்ணீர் தூணுக்குள் இறங்கிக் காலடியில் வரும். முன்னால் புகுந்தது மேட்டில் நிறுத்தினால் பின் சீட்டடியில் நிற்கும். ஓட்டுக்கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஒழுக்கு விழுகிற இடத்துக்கு நேர்மேலே ஓடு உடைந்திருப்பதில்லை. வாப்பா கூரையில் ஏறினால் நாலு வரிசை மேலே போய்த்தான் தேடுவார். அந்த அறிவு எங்களிடம் வீட்டுக்கு இருந்தது, காருக்கு மட்டும் இல்லாமல் போனது எப்படி?

இன்னொன்று, கார் என்பது தண்ணீர் உள்ளே வராமல் முழுதாக அடைத்த பெட்டி என்று நினைக்கிறோம். அப்படி அதைச் செய்வதில்லை. பல இடங்களில் தண்ணீரை உள்ளே வரவிட்டு, வழி வைத்து, வெளியே அனுப்புவதாகத்தான் செய்கிறார்கள். கதவையே எடுங்கள். ஷட்டர் கண்ணாடி ஏறி இறங்க வேண்டும் என்றால் அதன் இரு பக்கமும் ரப்பர் இறுக்கமாக இருக்க முடியாது. மழையில் கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கும். எல்லாக் காரிலும், புதுக் காரிலும். இறங்கிய தண்ணீர் கதவின் அடியில் இருக்கிற அந்த ஓட்டைகளால் வெளியே போகும். கதவின் உள்பக்கத் தட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு பொலித்தீன் விரிப்பு கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதுதான் தண்ணீர் உங்கள் காலடிக்கு வராமல் மறிக்கிற சுவர். அந்த ஒரு பொலித்தீனும் இந்த இரண்டு மூன்று ஓட்டையும் சரியாக இருந்தால் போதும்.

இனி என்ட காருக்கு என்ன நடந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஒரு சனிக்கிழமை நானே இறங்கினேன். சீட்டுக்கடி கார்பெட்டைத் தூக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். காயாமல் தேடினால் பழைய ஈரம் எது புது ஈரம் எது என்று தெரியாது. பிறகு பாடசாலை வெண்கட்டியை இடித்து மாவாக்கி உள்தகட்டில், கதவடியில், தூணோரத்தில் தூவினேன். (அரசாங்க வெண்கட்டி இல்லை, கடையில் வாங்கியது. கணக்காய்வுக்கு வரவேண்டாம்.) தரம் எட்டில் படிக்கிற மகனை டோர்ச்சுடன் உள்ளே இருத்திக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நான் ஹோஸ் பைப்புடன். வாயை விரலால் அமத்திப் பீச்சியடிக்கவில்லை. மழை விழுகிற மாதிரி மெதுவாக விடவேண்டும். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னால் அடித்தால் ஒழுகாத காரும் ஒழுகும், அதில் ஒன்றும் தெரியவராது.

கீழிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவின் நடு, பிறகு ஷட்டர் கண்ணாடி, பிறகு முன் கண்ணாடியின் கீழ்விளிம்பு, பக்கம், மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்துக்கும் நாலைந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், எது ஓட்டை என்று பிரித்தறிய முடியாது. வகுப்பில் "ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதேதான். முன் கண்ணாடிக்குத் தண்ணீர் விட நான் போகவே இல்லை. ஷட்டர் கண்ணாடியில் விட்ட மூன்றாவது நிமிடம் மகன் உள்ளேயிருந்து கத்தினான்: "வாப்பா, கதவுத் தட்டுக்குக் கீழால கோடு வருது!"

வெண்கட்டி மாவில் விரலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. கதவுத் தட்டைக் கழற்றினேன். பொலித்தீன் இல்லை. துப்புரவாக இல்லை. கறுப்புப் பசை மட்டும் ஓரத்தில் காய்ந்து கிடந்தது.

ஓகஸ்டில் ஷட்டர் மோட்டர் மாற்றிய இடத்துக்குப் போய்க் கேட்டேன். சண்டைக்குப் போகவில்லை. அவர் நல்ல மனிதர், ஒளிக்கவும் இல்லை. "அந்தப் பொலித்தீனா சேர்? கழட்டக்குள்ள கிழிஞ்சிட்டு. அதால என்ன வேலை எண்டு வீசிட்டம்." அவ்வளவுதான் முழுக் கதையும். மறைப்பு இல்லாததால் கதவுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் உள்ளே தெறித்தது. இரண்டாவது கராஜ் வடிகிற ஓட்டைகளை அடைத்த பிறகு, கதவே தொட்டியாகி, நிரம்பி, ஸ்பீக்கர் ஓட்டையால் உள்ளே ஊற்றத் தொடங்கியது. தென்னை ஈர்க்கால் அந்தச் சிலிக்கனைக் குத்தி எடுத்தபோது அரை வாளிக்குக் கிட்டத் தண்ணீர் முற்றத்தில் பாய்ந்தது. மகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

தடித்த பொலித்தீன், சூயிங்கம் மாதிரி ஒட்டுகிற கறுப்பு பியூட்டைல் டேப், இரண்டுக்கும் சேர்த்து 2,000 ரூபாவும் முடியவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: பொலித்தீனின் கீழ்விளிம்பைத் தகட்டின் வெட்டுக்குள் மடித்து, வழிகிற தண்ணீர் திரும்பக் கதவுக்குள்ளேயே விழுகிற மாதிரி வைக்கவேண்டும். சும்மா மேலால் ஒட்டினால் தண்ணீர் அதில் வழிந்து உள்ளேதான் வரும். அதற்குப் பிறகு மூன்று பெருமழை பெய்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், வெண்கட்டி மாவு அப்படியே காய்ந்து கிடக்கிறது.

இப்போது சிலிக்கனுக்கு வருவோம். நான் அதற்கு எதிரியில்லை. குளியலறைக்கும் மீன் தொட்டிக்கும் நல்ல சாமான். ஆனால் காரில் அடிக்கும்போது வினாகிரி மணம் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? காய்கிறபோது அசற்றிக் அமிலம் வெளிவிடுகிற வகை அது. வெறுந்தகட்டில் படுகிற இடத்தில் துருவுக்கு விருந்து. இரண்டாவது, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது. முன் கண்ணாடியைப் பதிக்கிற பொலியூரித்தேன் பசையும் பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் எண்ணெய்ப்பூச்சு மாதிரி ஒரு படலம் நிற்கும். நாளைக்கு உண்மையாகவே கண்ணாடியைக் கழற்றிப் பதிக்க வேண்டி வந்தால், இன்று 6,500 கொடுத்து அடித்தது அன்றைய வேலையையும் கெடுக்கும். மூன்றாவதுதான் மோசம்: வெளியே அடைத்தால் உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. என்ட கதவு மாதிரி.

அப்படியானால் தண்ணீர் எங்கால வரும்? என்ட கார் ஒன்றை வைத்து உலகத்துக் கார் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் எங்கட ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, வேம்பு. ஆசிரியர்கள் எல்லோரும் பாடசாலை முற்றத்தில் வேப்பமர நிழலைப் பிடிக்கத்தான் காலையில் அடிபட்டு வருகிறோம். வேப்பிலை சின்னது. வைப்பருக்குக் கீழே, பொனட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் இடையில் ஒரு சல்லடைத் தட்டு இருக்கிறதே, அதற்குள்ளால் இறங்கிவிடும். அந்தத் தட்டுக்கடியில் ஒரு வாய்க்கால், இரண்டு அந்தலையிலும் தண்ணீர் போக வழி. இலையும் பூவும் தூசியும் சேர்ந்து அந்த வழியை அடைத்தால் வாய்க்கால் நிரம்பும். நிரம்பினால் எங்கே போகும்? ஏசி ஃபேன் வெளிக்காற்று இழுக்கிற வாசல் அங்கேதான் இருக்கிறது. அதற்குள்ளால் இடப்பக்கக் காலடிக்கு இறங்கும். கண்ணாடி லீக் என்று சொல்லிச் சிலிக்கன் அடிக்கிற கார்களில் எத்தனைக்கு உண்மையில் ஒரு பிடி வேப்பிலைதான் காரணமோ. தட்டைக் கழற்றி இலையை அள்ளி, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே சக்கரப் பக்கத்தால் ஓடினால் சரி. மாரிக்கு முந்தி ஒருதரம் செய்தால் போதும். சதமும் செலவில்லை.

டிக்கி நனைந்தால் பின் லைட்டைப் பாருங்கள். லைட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பொஞ்சு வளையம் இருக்கும், அது வெயிலில் காய்ந்து நொறுங்கிவிடும். முந்தி பின்பக்கம் இடிபட்டு டின்கரிங் செய்த காராக இருந்தால் தகட்டு மூட்டுக்களில் போட வேண்டிய சீலன்ட் போடாமல் பெயின்ட் மட்டும் அடித்திருப்பார்கள், அதாலும் வரும். ஸ்பெயார் வீலைத் தூக்கிப் பாருங்கள். எங்கட ஸ்டாஃப் ரூமில் ஒருவருடைய காரில் அதற்குள் மீன் வளர்க்கிற அளவு தண்ணீர். அவர் நாலு மாதமாக ஃபேக்டரி வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கூரையில் திறக்கிற கண்ணாடி உள்ள கார்களில் மூலைக்கு ஒன்றாக மெல்லிய குழாய்கள் தூணுக்குள் இறங்கும். அவையும் தூசியால் அடைபடும். அதற்குக் கொம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடிக்க விடாதீர்கள், குழாய் உள்ளே மூட்டில் கழன்றால் பிறகு கூரைத்துணியை இறக்கவேண்டி வரும்.

கதவு ரப்பரில் சந்தேகம் என்றால் ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுபட்டால் ரப்பர் சரி. வழுக்கி வந்தால் அந்த இடம் பிழை. அப்போதும் ரப்பரை மாற்றுங்கள், அல்லது கதவின் பூட்டுக் கொக்கியைச் சரிசெய்யுங்கள். சிலிக்கன் வேண்டாம்.

இன்னொன்று, மழையே பெய்யாமல் இடப்பக்கம் நனைந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை. ஏசித் தண்ணீர். வெளியே சொட்ட வேண்டிய குழாய் அடைபட்டு உள்ளே வருகிறது. நல்ல வெயிலில் ஏசி போட்டு நிறுத்திய காருக்கடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதற்குக் கூரையில் சிலிக்கன் அடித்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஈரத்தைக் கண்டால் நாள் கடத்தாதீர்கள். பெரிய பட்டரி பின் சீட்டுக்கடியிலோ டிக்கிப் பக்கமோதான் இருக்கும். பல பிரியஸ்களில் சின்ன 12 வோல்ட் பட்டரியும் டிக்கிப் பக்கம்தான். செம்மஞ்சள் நிற வயர் கண்ட இடத்தில் நீங்களும் கை வைக்காதீர்கள், தெரியாத பாஸையும் வைக்கவிடாதீர்கள். எந்தக் காராக இருந்தாலும் சீட்டைக் கழற்றுவதென்றால் முதலில் பட்டரியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், சீட்டுக்கடியில் எயார்பேக் வயர் இருக்கும்.

"சேர், நீங்க படிப்பிக்கிற வேலயப் பாருங்க, கராஜ்காரனுக்குப் பாடம் எடுக்காதீங்க" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, நான் படிப்பிக்கிற வேலையைத்தான் பார்க்கிறேன். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விடயம் குறையறி சோதனை. பிள்ளை கழித்தலில் பிழைவிடுகிறது என்றால் அதே கழித்தலை ஐம்பது தரம் எழுதவைப்பதில் பிரயோசனமில்லை. அதற்கு இடப்பெறுமானம் விளங்காமல் இருக்கலாம், பிழை இரண்டு வருடத்துக்கு முந்திய பாடத்தில் இருக்கலாம். முதலில் சோதி, பிறகுதான் பரிகாரக் கற்பித்தல். என்ட காருக்கு மூன்று கராஜும் பரிகாரம் செய்தன, சோதனை ஒருத்தரும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் பாஸ்மாருக்கு நியாயம் பேசவும் வேண்டும். ஷட்டர் மாற்றித் தந்தவரிடம் இதைக் கதைத்தபோது அவர் ஒன்று சொன்னார்: "சேர், அரைநாள் தண்ணியடிச்சித் தேடி, ஒரு பிடி இலய எடுத்துப்போட்டு 3,000 தாங்க எண்டு கேட்டா நீங்க தருவீங்களா? இலய எடுத்ததுக்கு 3,000 ஆ எண்டு ஊரெல்லாம் சொல்லுவீங்க. சிலிக்கன் அடிச்சா கண்ணுக்குத் தெரியுது, 6,500 ஐயும் தந்துட்டுப் போறீங்க." எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. சாமானுக்குக் காசு கொடுப்போம், தேடின மூளைக்குக் கொடுக்கமாட்டோம். டியூஷன் வாத்தியாரிடம் "நோட்ஸ் எத்தனை பக்கம்" என்று கேட்கிற பெற்றோர் மாதிரித்தான் நாங்கள் கராஜில் நிற்கிறோம். ஆகவே இனி இப்படிக் கேளுங்கள்: "பாஸ், தண்ணி எங்கால வருதெண்டு எனக்குக் காட்டுங்க. தேடுற கூலிய வேறயாத் தாறன். காட்டினத்துக்குப் பிறகு திருத்துவம்." காட்ட முடியாதவர் ஒரு துளி சிலிக்கனும் அடிக்கக் கூடாது. ஷட்டர், ஸ்பீக்கர், கதவுப்பூட்டு எது திருத்தினாலும் தட்டைப் பூட்டமுந்தி அந்தப் பொலித்தீனைக் கண்ணால் பாருங்கள்.

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. எழுதக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

மூன்றாவது கராஜ் 35,000 கேட்ட கிழமை நான் காரை விற்கப் பார்த்தேன். நல்ல வெயில் விழுந்த இரண்டு நாளில் கார்பெட்டைக் காயவைத்து, உள்ளே பெர்ஃபியூம் அடித்து, படம் பிடித்து விளம்பரம் போட்டேன். "ஒரு பிழையுமில்லை" என்று எழுதினேன். அடுத்த ஊரிலிருந்து ஒருவர் மனைவி, கைக்குழந்தையோடு பார்க்க வந்தார். நல்லா இருக்கு என்று முற்பணமும் எடுத்து நீட்டினார். தேத்தண்ணி கொண்டுவந்த என்ட மனைவி உள்ளே கூப்பிட்டுச் சொன்னா: "இஞ்ச பாருங்க, உங்கட உம்மாக்கு இருக்க ஏலாத கார்ல அந்தப் புள்ளய இருத்தப் போறீங்களா?"

தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் ஈரத்தைக் கண்ட ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் சம்பவத்தை நான் மாணவர்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மழையில் நனைந்துவிட்டது என்றுதான் அந்த வியாபாரியும் சொன்னார். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். நான் அதே மழை ஈரத்தைக் கார்பெட்டுக்குக் கீழே வைத்து மூடியிருந்தேன். வெளியே வந்து அந்த மனிதரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் முற்பணத்தைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். கோபிக்கவில்லை. போகும்போது, "சேர், பொலித்தீனப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்கு விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கதவைக் கழற்றியபோதுதான் விளங்கியது. அவர் யார், என்ன தொழில் என்று நான் கேட்காமல் விட்டேன். இதை வாசித்தால் இன்பொக்ஸில் ஒரு சலாம் சொல்லுங்கள் காக்கா.

வாங்கப் போகிறவர்களும் கவனம். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தில் வாகனங்கள் நின்ற நிலையைப் படத்தில் கண்டீர்கள். கழுவி மினுக்கினால் அவையும் ஒருநாள் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடித்துணியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் பூட்டியிருக்கிற இரும்பில் துரு இருக்கிறதா, ஸ்பெயார் வீல் குழியில் மணல் இருக்கிறதா பாருங்கள். ஷட்டர் எல்லாம் ஏற்றி ஏசி இல்லாமல் ஐந்து நிமிடம் வெயிலில் உள்ளே இருங்கள், மூக்கு சொல்லும். புது பெர்ஃபியூம் கனக்கத் தொங்கினால் காரணத்தைக் கேளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு என்ட வீட்டு முற்றத்தில் ஹோஸ் பைப், வெண்கட்டி மாவு, டோர்ச், மகன் நாலும் தயார். காருக்குள் தண்ணீர் வருகிறவர்கள் கார்பெட்டைக் காயவைத்துக்கொண்டு வாருங்கள், ஒன்றாகத் தேடுவோம். ஷட்டர் வேலைசெய்கிற அந்த பாஸும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தேடுற கூலி காருக்கு 1,000 ரூபா, கையோடு கொண்டுவாருங்கள். தண்ணீர் பில் என்னுடையது.